என் தங்கைக்கு நான் ஐந்து மாதம் இளையவன்

1

ஜூன் முதல் தேதி அலுவலகத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். மேலே நீல நிறத்தில் நாற்பத்தொன்பது என்று எழுதியிருந்தது. பம்பு செய்யும் கம்பெனியில் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எங்கள் பிரிவில் பதினோரு பேர். அத்தனை பேரும் நின்று பாட, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நியூஜெர்சிக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. அந்தப் பாட்டுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்று நான் பிறக்கவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாம்பரம் பக்கத்தில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள்தான். பெற்றது அம்மா, பிறந்த தேதி கொடுத்தது தலைமையாசிரியர். அந்தத் தேதியை வைத்துப் பள்ளி முடித்து, வேலைக்குப் போய், அந்தத் தேதியிலேயே ரிடையராகி, சாவதை மட்டும் சொந்தத் தேதியில் செய்வார்கள். யாருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது.

எனக்கும் நஷ்டமில்லை. என் தேதியால் வந்த நஷ்டம் வேறொருத்தியுடையது.

மாலை வீட்டுக்குப் போனால், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகன் அருண், "இந்த வருஷமும் அத்தைக்கு நீங்க தம்பிதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தான். எப்போதோ பள்ளியில் வம்சாவளி வரையச் சொன்னார்கள். என் தேதியையும் அத்தையின் தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே விழுந்து விழுந்து சிரித்தவன். அவனுக்கு இது வேடிக்கைக் கதை, அதுவும் பாதிக் கதை. மீதியை அவனிடம் சொல்ல அவன் தமிழும் போதாது, என் ஆங்கிலமும் போதாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் ராஜகீழ்ப்பாக்கம். இன்று பலருக்கு அது வேளச்சேரி பஸ்ஸுக்கு நிற்கும் ஜங்ஷன். நான் பிறந்தபோது நாலு தெருவும் சுற்றிக் கழனியும்தான். ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா என்னையும் தங்கை பச்சையம்மாளையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அவளுக்கு ஐந்து முடிந்திருந்தது. எனக்கு ஏழு.

"பையனுக்கு என்ன வயசுய்யா?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"சித்திரையில ஏழு முடிஞ்சிது சார். சொம்மா மாடு ஓட்டிக்கினு இருந்துட்டான்."

"ஒண்ணாம் கிளாஸுக்கு அஞ்சுய்யா. ஆளும் சின்னதாத்தான் இருக்கான், அஞ்சுன்னே போட்டுடறேன். நாளைக்கு கவர்மெண்ட் வேலைக்குப் போனா ரெண்டு வருஷம் கூட சம்பளம் வாங்குவான்."

நைனாவுக்கு வாயெல்லாம் பல். மகனுக்கு இரண்டு வருடம் சும்மா கிடைக்கிறது, வேண்டாம் என்பாரா? ஜூன் முதல் தேதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது என்று விழுந்தது.

அடுத்து பச்சை. அவள் பிரசவம் சிக்கலாகி, அம்மாவை மாட்டுவண்டியில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்களாம். அதனால் எங்கள் குடும்பத்திலேயே பிறந்த தேதிக்குச் சீட்டு வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். நைனா மடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பெருமையாகக் கொடுத்தார். தலைமையாசிரியர் அதைப் பார்த்து அப்படியே எழுதினார்: ஒன்பது ஜனவரி, அதே ஐம்பது.

ஒரே பேனா, ஒரே பக்கம், மேல் வரியில் நான், கீழ் வரியில் அவள். காகிதத்தில் என் தங்கை எனக்கு ஐந்து மாதம் மூத்தவள் ஆனாள். கழனி உழுத மனிதருக்கும் தோன்றவில்லை, கணக்குப் பாடம் நடத்திய மனிதருக்கும் தோன்றவில்லை, ஒரு தாய் ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளை பெற முடியாதென்று. பத்தாவது வரை ஒரே வகுப்பில், ஒரே ஜியாமெட்ரி பாக்ஸை வைத்துப் படித்தோம். அவள்தான் நன்றாகப் படிப்பாள். பத்தாவதோடு அவளை நிறுத்தினார்கள், என்னைக் கிண்டிக்கு இன்ஜினியரிங் அனுப்பினார்கள்.

3

எழுபத்து மூன்றில் இங்கே வந்தேன். அடுத்த வருடம் பச்சைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கஜேந்திரன், பம்மல் தோல் ஷெட்டில் மேஸ்திரி. கல்யாணமாகி ஆறாவது மாதமே கையை நீட்ட ஆரம்பித்துவிட்டான். பெண் குழந்தை பிறந்தது, மீனா. குழந்தைக்கு ஐந்து வயதிருக்கும்போது பச்சை ஒரு நாள் காதில் ரத்தத்தோடு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்துவிட்டாள். நைனா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் மகளும் பேத்தியும் அந்த வீட்டில் இருந்தார்கள். வாரம் ஒரு முறை கஜேந்திரன் குடித்துவிட்டு வந்து தெருவில் நின்று கத்துவான்.

எண்பத்தொன்றில் நான் போனபோது பச்சை கேட்டாள். எதையும் கேட்டுப் பழகாதவள். வாசலில் நின்று புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, "என்னியும் பாப்பாவையும் நீ இருக்கற எடத்துக்கு இட்டுக்கினு போயிடுண்ணா. அங்க பாத்திரம் கழுவி பொழச்சிக்கறேன். இங்க இருந்தா அவன் ஒரு நாள் என்னிய சாவடிச்சிடுவான்" என்றாள்.

இட்டுக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் தலைமேல் கை வைத்துக் கொடுத்தேன்.

கூடப் பிறந்தவர்களை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் நான் இந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும். அதுவரை அந்த எண்ணமே எனக்கு இருந்ததில்லை. நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரையும் போல நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வருடக் கடைசியில், ஒரு கோர்ட் கூடத்தில் இருநூறு பேரோடு நின்று வலது கையைத் தூக்கினேன். எந்த அந்நிய மன்னருக்கும் இனி விசுவாசமாக இருக்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பெயரில் மட்டும்தான் ஒரு ராஜா இருந்தார், அவரையும் யாரும் பார்த்ததில்லை. சொல்லிவிட்டேன். அதற்கு முன் நிரப்பிய படிவத்தில், இதில் எழுதியதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்திருந்தேன். பிறந்த தேதிக் கட்டத்தில் ஜூன் ஒன்று என்று கை தானாகவே எழுதியது. பொய் எழுதுகிறோம் என்ற நினைப்புகூட வரவில்லை.

இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க இந்தியத் தூதரகத்துக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா முத்திரை குத்தி, ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டி என்னிடம் நீட்டினார். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார். வாங்குவதற்கு வருடக்கணக்காகிறது, விடுவதற்கு ஒரு கத்தரி போதும். வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த வாரமே தங்கைக்காக மனுப் போட்டேன்.

4

உடன்பிறந்தோர் வரிசை நீளமானது. பதினோரு வருடம் காத்திருந்தோம்.

இதற்கிடையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் இந்தியனாகவே நீடித்தேன். ரேஷன் கார்டில் என் பெயரை அடிக்க அம்மா சம்மதிக்கவில்லை. "உசுரோட கீற புள்ள பேர நான் ஏன் அடிக்கணும்?" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாளாம். என் பங்குச் சர்க்கரை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. வாக்காளர் பட்டியலிலும் இருந்தேன். என் கூடப் படித்த துலுக்காணம் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு தேர்தல் முடிந்ததும் கடிதம் போட்டிருந்தான்: "ஒன் ஓட்ட நானே குத்திட்டேன் மச்சான். நீ கவலப்படாத." குடியுரிமையை விட்டவன் ஓட்டை மட்டும் விடவில்லை.

பச்சையின் பெயருக்கு 'அமெரிக்கா போகப் போறவ' என்று ஒரு ஒட்டுச் சேர்ந்துகொண்டது. விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு அதுவே அவளுக்குப் பாதுகாப்பானது. மச்சான் அமெரிக்காவிலிருந்து ஏதோ செய்துவிடுவான் என்று கஜேந்திரனுக்கு ஒரு பயம். தெருமுனை வரை வருவான், திரும்பிப் போய்விடுவான். சித்தப்பா பிள்ளைகள் வீட்டைக் கேட்டு வந்தபோதும், "அவ போற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்கள். வராத விசா அவளை அத்தனை வருடம் காப்பாற்றியது.

அவள் மீனாவைத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தாள். வீட்டில் இங்கிலீஷ் பேசச் சொல்லி விரட்டினாள். எண்பத்தொன்பதில் அம்மா போனாள். காரியத்துக்கு நான் போயிருந்தபோது எங்கள் பேச்செல்லாம் விசா வரிசை எந்த வருடத்து மனுவில் நிற்கிறது என்பதைப் பற்றித்தான். அம்மாவைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

பிறகு எல்லாம் டெலிபோன்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஜங்ஷன் எஸ்.டி.டி. பூத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள், நான் கூப்பிடுவேன். ஒரு முறை, "உங்க ஊர்ல மழையா?" என்று கேட்டுவிட்டேன். "இன்னாண்ணா, உங்க ஊருன்ற? நம்ம ஊருன்னு சொல்லு" என்றாள். நாக்குத் தவறிவிட்டது என்றேன். நாக்குத் தவறவில்லை, அது எனக்கே தெரியும்.

5

தொண்ணூற்றிரண்டில் முறை வந்தது. மவுண்ட் ரோடு விசா ஆபீசில் பச்சைக்கும் மீனாவுக்கும் நேர்காணல். மீனாவுக்கு அப்போது பதினேழு. அதோடு எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பதினோரு வருடமாக யார் கண்ணிலும் படாத ஐந்து மாதம் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. மனுதாரரும் பயனாளியும் ஒரே தாயின் பிள்ளைகள் என்றால் இந்தத் தேதிகள் எப்படிப் பொருந்தும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

நியாயமான கேள்வி. கடிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன்.

வயதான மனிதர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "இரண்டில் ஒன்று பொய். தங்கையிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, ஆக பொய் உன்னுடையது. நடந்ததை எழுதிச் சத்தியம் செய்து கையெழுத்துப் போடு. அவள் வந்துவிடுவாள்."

"எனக்கு?"

"உன் குடியுரிமைச் சான்றிதழில் உள்ள தேதி பொய் என்று நீயே எழுதித் தருகிறாய். படிப்பவர் சிரித்துவிட்டுப் போகலாம், உன் கோப்பைத் திறக்கவும் செய்யலாம். கொடுத்ததை எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த 'பெரும்பாலும்' மட்டும்தான் காதில் கேட்டது. அருணுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீடு வாங்கி மூன்று வருடம். இங்கே எடுத்துவிட்டால் அங்கேயும் இல்லை, மூலை வெட்டிய பாஸ்போர்ட் மேஜை டிராயரில் கிடந்தது. என் மனைவி சுந்தரி கடிதத்தைப் படித்துவிட்டு, "எழுதிக் குடுத்துடுங்க. என்ன ஆகுமோ ஆகட்டும்" என்றாள். எழுதினேன். ஒன்றரைப் பக்கம், எல்லாம் உண்மை. கையெழுத்து மட்டும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பச்சையைக் கூப்பிட்டேன். இந்தப் பேச்சை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

"என் வயசு பொய்னு எழுதிக் குடுக்கணுமாம் பச்சை. குடுத்தா எனக்கு இங்க ஆபத்து."

"ஒன்னிய ஊருக்கு அனுப்சிடுவாங்களாண்ணா?"

"எந்த ஊருக்கு அனுப்புவாங்க? இந்தியா பாஸ்போர்ட்டை எப்பவோ திருப்பிக் குடுத்துட்டேனே. அங்கயும் ஆளில்ல, இங்கயும் ஆளில்லன்னு ஆயிடும்."

"அண்ணியும் புள்ளையும்?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

பூத்தில் யாரோ இருமுவது கேட்டது. பிறகு அவள், "நீ ஒண்ணியும் எழுத வாணாம். நான் பேசிக்கறேன்" என்றாள்.

"என்ன பேசுவ?"

"பேசிக்கறேன்றேன் இல்ல? ஆளுங்க நின்னுகினு கீறாங்க, வச்சிடு."

வைத்துவிட்டேன். பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள் என்று வக்கீல் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. அதைச் சொன்னால், "அப்ப எழுதிக் குடுண்ணா" என்று அவள் சொல்லக்கூடும் என்பதால் சொல்லவில்லை. என்னைப் பற்றி நான் எழுதும் வரிகளிலேயே உண்மையானது இதுதான்.

6

நேர்காணல் நாளன்று துலுக்காணம்தான் அவர்களைத் தன் ஆட்டோவில் மவுண்ட் ரோடுக்கு அழைத்துப் போனான். மீனாவுக்குப் புதுச் சுடிதார். பச்சை, அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனாளாம். மாலையில் பூத்துக்கு வந்து என்னோடு பேசியது அவன். பச்சை வரவில்லை.

"மச்சான், ஒன் தங்கச்சி இன்னா பண்ணிட்டு வந்துகீது தெரியுமா?"

உள்ளே நடந்ததை மீனா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். ஆட்டோவில் திரும்பும்போது அழுதுகொண்டே அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மாள். தேதிகளைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். பச்சை சொன்னாளாம்: "எங்கண்ணனோட அம்மா பெத்தது அது ஒண்ணத்தான். ஆஸ்பத்திரில வேற யாரோ பெத்த கொழந்த செத்துப்போச்சு. அந்தச் சீட்டு செத்துப்போன கொழந்தையோடது. அந்தச் சீட்ட வச்சிகினு என்ன எடுத்தாந்து வளத்தாங்க. நான் யாரு பெத்த பொண்ணுன்னு எனுக்கே தெரியாது."

மொழிபெயர்ப்பாளர் திகைத்துப்போய், "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இப்படிச் சொன்னா உனக்கு விசா கிடைக்காது" என்று இரண்டு முறை சொன்னாராம்.

"தெரியும்மா. எங்கண்ணனுக்கு இது தெரியாது. கூடப் பொறந்தவன்னு நெனச்சித்தான் மனு போட்டுச்சு. அது மேல ஒரு தப்பும் இல்ல. அத்த நல்லா எழுதிக்கச் சொல்லுங்க."

எழுதிக்கொண்டார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். அமெரிக்கச் சட்டமும் இந்தியச் சட்டமும் படிக்காத பத்தாவது வகுப்புக்காரி, எந்தப் பக்கமும் என்மேல் கீறல் விழாமல் ஒரு பொய்யைத் தானே யோசித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அதற்காகப் பிறந்த அன்றே தன்னைச் சாகடித்துக்கொண்டாள்.

"இன்னா மச்சான், கேக்குதா?" என்றான் துலுக்காணம். "நான் வெளிய மரத்தடில நின்னுகினு ஸ்வீட்டு வாங்கி வச்சிருந்தேன்டா. சிரிச்சிகினே வந்துச்சு. ஆட்டோல ஏறி ஒக்காந்து, 'வூட்டுக்குப் போலாம்ணா'ன்னு சொல்லிச்சி. அவ்ளோதான். சைதாப்பேட்ட தாண்டறதுக்குள்ள நான் வண்டிய ஓரங்கட்டிட்டேன். ஓட்ட முடியல."

7

எனக்கு முறைப்படி கடிதம் வந்தது. பயனாளியின் வாக்குமூலப்படி உடன்பிறந்த உறவு நிரூபணமாகவில்லை. நீங்கள் இதை மறுத்தால் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம், அறுபது நாட்களுக்குள் தெரிவிக்கவும்.

ஆக, கதவை அவர்கள் மூடவில்லை. பரிசோதனை செய்தால் அவள் என் ரத்தம் என்பது தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த ஐந்து மாதம் மறுபடி எழுந்து நிற்கும், விரல் என் பக்கம் திரும்பும். கடிதத்தை டிராயரில் வைத்தேன். தினமும் எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டாவது நாள் வக்கீல் ஆபீஸ் வாசல் வரை போனேன், காரை நிறுத்த இடமில்லை என்று திரும்பிவிட்டேன். இடம் இருந்தது. அறுபது நாள் முடிந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பரிசோதனை பற்றிப் பச்சையிடம் இன்று வரை சொல்லவில்லை. சுந்தரியிடம் 'ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்றேன். அதற்குப் பிறகு அவள் பச்சையைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

செய்தி ஊரில் பரவப் பத்து நாள் ஆகியிருக்கும். கஜேந்திரன் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டுக்குள் ஏறிவிட்டான். "அமெரிக்கா இன்னா ஆச்சிடி?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தானாம். மீனாவை அடுத்த தையிலேயே ஊரப்பாக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தாள் பச்சை. அந்த வீட்டில் அந்தப் பெண் இருக்கக்கூடாது என்பதற்காகவே அவசரப்பட்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. லீவு இல்லை என்று சொன்னேன். ஏழு வருடமாக ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போனில் அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "நல்லாகீறியாண்ணா? அருண் இன்னா படிக்கறான்?" என்பாள். அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். கோபம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். இருந்ததில்லை.

8

கேக் வெட்டிய மூன்றாம் நாள் துலுக்காணம் கூப்பிட்டான்.

"மச்சான், கைய ஒட்ச்சிட்டான்டா. வலது கை. தாம்பரத்துல ஆஸ்பத்திரில போட்டு கம்பி வச்சி கட்டிகீறாங்க. 'அண்ணனுக்குச் சொல்லாத, பேஜாரா பூடும்'னு என்கிட்ட சத்தியம் வாங்கிச்சி. நான் சொல்றேன், நீ ஒரு தபா வா. ஒண்ணும் செய்ய வாணாம். சொம்மா அவன் எதிர்ல வந்து நில்லு. கூடப் பொறந்தவன் ஒருத்தன் கீறான்னு அவனுக்குத் தெரியணும்."

மறுநாளே விசா வாங்க இந்தியத் தூதரகத்துக்குக் கிளம்பினேன். சொந்த ஊருக்குப் போக விசா. அம்மா செத்தபோதும் வாங்கினேன், அப்போது உணர்வில்லாமல் நிரப்பிய படிவம் இது. இந்தத் தடவை ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். இந்தியாவில் உங்களை அறிந்த இருவர், பெயர், முகவரி, உங்களுக்கு என்ன உறவு. முதலில் துலுக்காணத்தை எழுதினேன், நண்பர். அடுத்து பச்சையம்மாள் என்று எழுதி, முகவரியும் எழுதி, உறவுக் கட்டத்தில் பேனா நின்றது. இந்த நாட்டுக் கோப்பில் அவள் என் தங்கை இல்லை. இந்தப் படிவம் அந்தக் கோப்பைப் போய்ச் சேராது, யாரும் ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. ஐம்பது வயதுக்காரனுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். 'நண்பர்' என்று எழுதினேன்.

கவுண்ட்டரில் இருந்த பெண் தமிழ்ப் பெண். பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினாள்.

"சார் தாம்பரம் பக்கமா? நான் பம்மல். எத்தனை வருஷம் கழிச்சுப் போறீங்க?"

"பத்து வருஷம் ஆச்சும்மா."

"அடேங்கப்பா. இப்ப போனா அடையாளமே தெரியாது சார் உங்களுக்கு." பேசிக்கொண்டே படிவத்தின் மேல் பேனாவை ஓட்டினாள். பேனா ஓரிடத்தில் நின்றது. "ரெண்டாவது பேருக்கு நண்பர்னு போட்டிருக்கீங்க. ஆனா நீங்க பொறந்த அட்ரஸும் இவங்க அட்ரஸும் ஒண்ணா இருக்கே. இனிஷியலும் ஒண்ணு. சொந்தமா சார்?"

அவள் விசாரணை செய்யவில்லை. சத்தியம் எதுவும் கேட்கவில்லை. ஊர்க்காரரோடு நாலு வார்த்தை பேச ஆசைப்பட்ட பெண், அவ்வளவுதான். பச்சையின் ஒடிந்த கை தாம்பரத்தில் கட்டுப் போட்டுக் கிடந்தது. தங்கை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்லம்மா. எங்கம்மா எடுத்து வளர்த்த பொண்ணு" என்றேன்.

"அப்படியா? உங்கம்மாவுக்குப் பெரிய மனசு சார்" என்று சொல்லிவிட்டு, அந்த வரியைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

போட்டேன்.